மூன்றடி உயரத்தில் நிற்பது

மே 11, 2024, சனி

கலிஃபோர்னியாவில் டாரன்ஸ் விமான நிலையம். ராபின்சன் தொழிற்சாலை ஓடுபாதையை ஒட்டியே இருக்கிறது. நான் ஓட்டப் பழகப்போகும் ஆர்22 ஹெலிகாப்டர் அங்கேதான் பிறந்தது. கடல் மேகம் தாழ இறங்கிக் கிடந்ததால் பத்தரை வரை காத்திருந்தோம். அதற்குள் என்னை எடை போட்டார்கள். ஓர் இருக்கைக்கு 240 பவுண்டுக்கு மேல் கூடாதாம். தப்பித்தேன்.

பயிற்றுநர் ஒவ்வொன்றாகத்தான் கையில் கொடுத்தார். முதலில் கால் பெடல் மட்டும்: வண்டியின் மூக்கு தூரத்து விமானக் கொட்டகைக் கதவைப் பார்த்தபடி இருக்க வேண்டும். சரி, முடிந்தது. அப்புறம் கலெக்டிவ், வண்டியை ஏற்றி இறக்கும் நெம்புகோல்: தரையிலிருந்து மூன்றடியில் நிறுத்த வேண்டும். ஏற்றினால் மூக்கு வலப்பக்கம் ஓடும், இடது பெடலை அழுத்த வேண்டும். அதுவும் ஒருவழியாக வந்தது. லேசாகத் தலைக்கனம் ஏறியது.

பிறகு சைக்ளிக், வண்டியை முன்னே, பின்னே, பக்கவாட்டில் நகர்த்தும் பிடி. ஐந்து வினாடி தாக்குப்பிடித்தேனாம், அவர் சொன்னார். நான் எங்கே எண்ணினேன்?

மே 18, சனி

கொடுத்த இடம் முழுவதும் எனக்குப் போதவில்லை. முன்னே, பின்னே, பக்கவாட்டில் என்று வண்டி தறிகெட்டு அலைந்தது. ஆர்22-இல் சைக்ளிக் இருவருக்கும் பொது. நடுவில் ஒரு தண்டு, மேலே சீசா பலகை போலக் குறுக்குக் கம்பி. என் பிடியை மடிக்கு இழுத்தால் அவர் பிடி முகத்துக்கு நேரே போகிறது. மனிதர் அசரவே இல்லை.

சிக்கல் எங்கே என்று இரவு யோசித்தேன். கையை அசைத்ததும் மேலே சுழலும் விசிறி உடனே சாய்ந்துவிடுகிறது. அதில் தொங்கும் உடல் கொஞ்சம் தாமதித்துத்தான் நகர்கிறது. குளியலறை ஹீட்டர் குழாய் மாதிரி. சூடு வரவில்லையே என்று இன்னும் திருகுவோம், வரும்போது தோல் உரியும்.

அம்மாவுக்கு போன் செய்து சொன்னேன். “ஒரே எடத்துல நிக்கறதுக்காடா இவ்வளவு காசு கட்டுற?” பதில் சொல்ல முடியவில்லை.

மே 25, சனி

மேகம். ரத்து.

ஜூன் 1, சனி

“தளர்வாக இரு” என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். அதனால் யாரும் தளர்ந்ததாக எனக்குத் தெரியவில்லை. இன்று பயிற்றுநர் வேறு மாதிரி சொன்னார்: முன்கையை வலது தொடையில் வை, பிடியை விரல் நுனியால் மட்டும் பிடி, ஸ்கிட்டுக்கு, அதாவது வண்டி தரையில் நிற்கும் கால் கம்பிக்கு, கீழே பார்க்காதே, பாலோஸ் வெர்டிஸ் குன்றைப் பார். கை தொடையில் ஊன்றியதும் பெரிதாக இழுக்க வழியில்லாமல் போனது. குன்றைப் பார்த்தால் நகர்வது முன்கூட்டியே தெரிகிறது. காலடியில் பார்த்தபோது தரை ஓட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது.

ஒரு நிமிடம் நின்றது. இறங்கியபோதுதான் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது தெரிந்தது.

ஜூன் 8, சனி

நிற்கிறது, ஆனால் கோணலாக. இடது ஸ்கிட் எப்போதும் கொஞ்சம் தாழ்வு. என் தவறுதான் என்று நினைத்து நிமிர்த்தினேன். உடனே வலப்பக்கம் நழுவியது. மறுபடி நிமிர்த்தினேன், மறுபடி நழுவியது. அவர் சிரித்துவிட்டார். மேலே விசிறி சுற்றுவதால் உடல் எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் வால் விசிறி. ஆனால் அது முழு ஹெலிகாப்டரையும் வலப்பக்கமாகத் தள்ளவும் செய்கிறது. அதற்கு ஈடாக இடப்பக்கம் சாய்ந்தால்தான் ஓரிடத்தில் நிற்க முடியும். இத்தனை வாரம் சரியாக இருந்ததைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன்!

இந்த வண்டியில் தனியாகப் பறக்கப் பயிற்றுநரோடு குறைந்தது 20 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. என் ஏட்டில் இன்றுவரை 4.3. கடைசியில் கலெக்டிவை நூல் நூலாக இறக்கினேன். இடது ஸ்கிட் முதலில் தொட்டது, ஒரு மூச்சு கழித்து வலது.