1600-இல் நின்ற ஐடிலிங்கை 800-க்கு இறக்கியது எப்படி

என்னிடம் இருப்பது நான்கு சிலிண்டர், ஒற்றை கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வைத்த பழைய கார். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் ஐடிலிங், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுழலும் வேகம், 1600 ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கு 1600 சுற்று) விட்டு இறங்கவில்லை. 800 பக்கம் இருக்க வேண்டியது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் வண்டி தன்பாட்டுக்கு முன்னே தள்ளிக்கொண்டு போகும், எஞ்சின் பிரேக்கிங் என்பதே இல்லை.

இந்தக் கோளாறு வந்தால் கை முதலில் போவது அந்த வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐடில் ஸ்குரூவுக்குத்தான். அதை முழுக்க வெளியே எடுத்துப் பார்த்தேன். வேகம் துளிகூடக் குறையவில்லை. அப்படியென்றால் மூன்று வழிதான்: த்ராட்டிலை (எஞ்சினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் தகடு) வேறு ஏதோ பிடித்துத் திறந்து வைத்திருக்கிறது, காற்று வேறு பாதையில் நுழைகிறது, இல்லையேல் இக்னிஷன் டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) அளவுக்கு மேல் முந்தி நிற்கிறது.

முதலாவது சீக்கிரம் முடிந்தது. ஆக்சிலேட்டர் கேபிளைக் கழற்றிவிட்டேன், மாற்றம் இல்லை. சோக் (குளிர்ந்த எஞ்சினுக்குக் காற்றைக் குறைக்கும் தகடு) முழுக்கத் திறந்திருந்தது, குளிரில் ஐடிலிங்கை உயர்த்தும் ஃபாஸ்ட் ஐடில் கேமும் தன் இடத்துக்குத் திரும்பியிருந்தது.

அடுத்து ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, ஓடும் எஞ்சினின் கார்புரேட்டர் வாயை ஒரு தட்டையான ரப்பர் பலகையால் மூடினேன். மூச்சை அடைத்தால் எஞ்சின் உடனே நிற்க வேண்டும். இதுவோ திணறித் திணறி ஓடிக்கொண்டே இருந்தது! எங்கோ ஏர் லீக் இருக்கிறது என்பது அதிலேயே உறுதியாகிவிட்டது. ஐடிலிங்கில் த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருப்பதால் மேனிஃபோல்டுக்குள் (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குப் போகும் குழாய்) வெற்றிடம் பலமாக இருக்கும். நல்ல எஞ்சினில் பொதுவாக 17 முதல் 21 அங்குலப் பாதரசம் வரை காட்டும். அந்த இழுப்புக்கு மயிரிழை இடைவெளி போதும்.

மேனிஃபோல்டோடு சேரும் பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி வால்வு ஹோஸ் என்று ஒவ்வொன்றாக இடுக்கியால் நசுக்கிப் பார்த்தேன். வேகம் அசையவில்லை. லீக் தேட கார்புரேட்டர் கிளீனரை அடிப்பவர்கள் நிறைய. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது தீப்பிடிக்கும். எனக்கு அதில் உடன்பாடே கிடையாது. பூவாளித் தெளிப்பானில் வெறும் தண்ணீர் எடுத்து, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை விட்டுத் தள்ளி, இணைப்புகளில் மட்டும் பீய்ச்சினேன். மேனிஃபோல்டு கேஸ்கட்டில் ஒன்றுமில்லை. கார்புரேட்டர் அடியில் பட்டதும் சத்தம் லேசாக மாறியது. த்ராட்டில் ஷாஃப்ட் (தகட்டைத் தாங்கும் தண்டு) நுனியில் பட்டதும் வேகம் சட்டென்று விழுந்தது. தண்ணீர் ஓட்டையை ஒரு கணம் அடைத்திருக்கிறது.

கழற்றிப் பார்த்தால் ஷாஃப்ட் மேலும் கீழும் ஆடியது. எஃகு ஷாஃப்ட் பல வருடம் உரசியதில் மென்மையான உலோக பாடியின் துளை நீள்வட்டமாகிவிட்டது. புது ஷாஃப்ட் மட்டும் போட்டால் இதற்குத் தீராது. லேத்தில் கொடுத்துத் துளையைப் பெரிதாக்கி, பித்தளை புஷ் (உள்வளையம்) இறக்கினோம். தகட்டைத் திரும்பப் பொருத்துவதில்தான் பொறுமை வேண்டும். ஸ்குரூக்களைத் தளர்வாக விட்டு, தகட்டை மூடி அது தானாக நடுவில் அமர்ந்த பிறகு இறுக்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சுற்றிலும் ஒரே சீரான கீற்று தெரிய வேண்டும். அந்தச் சின்ன ஸ்குரூ கழன்றால் நேராக சிலிண்டருக்குள் போகும் என்பதால் நுனியைத் தட்டி விரித்து விட்டேன்.

அடிப்பகுதி ஃபிளேஞ்சின் (மேனிஃபோல்டில் அமரும் விளிம்பு) காதுகளும் யாரோ அதிகமாக இறுக்கியதில் வளைந்திருந்தன. கண்ணாடிமேல் எமரி தாள் விரித்துத் தேய்த்துச் சமப்படுத்தி, புது கேஸ்கட் போட்டு, நட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கினேன்.

இப்போது ஐடில் ஸ்குரூ சொன்ன பேச்சைக் கேட்டது. ஆனாலும் ஆக்சிலேட்டரைத் தட்டிவிட்டால் 1200-இல் தொங்கி, அப்புறம் மெதுவாகத்தான் இறங்கியது. டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்கும் (வெற்றிட) ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட் பிடித்தேன். டைமிங் குறி ஒரு இடத்தில் நிற்காமல் அலைந்தது. உள்ளே, வேகம் ஏற ஏற விரிந்து டைமிங்கை முந்தவைக்கும் எடைகளை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. ஸ்பிரிங் தளர்ந்தால் எடைகள் ஐடிலிங்கிலேயே விரியும், டைமிங் முந்தும், வேகம் ஏறும், ஏறிய வேகம் எடைகளை இன்னும் விரிக்கும். லீக்கை அடைத்த பிறகும் வேகம் தொங்கினால் இந்தச் சுழலைச் சந்தேகப்படுங்கள். அதே எஞ்சினுக்கான ஸ்பிரிங்குகளை மாற்றி, எடைகளின் முளைகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன்.

கடைசியில்தான் செட்டிங். கையேடு சொல்லும் டிகிரிக்கு டைமிங், அதன்பின் ஐடில் ஸ்குரூ, அதன்பின் ஐடிலிங்குக்கான பெட்ரோல் கலவையை அளக்கும் மிக்சர் ஸ்குரூ. மிக்சர் ஸ்குரூவை உள்ளே திருப்பத் திருப்ப எஞ்சின் தடுமாற வேண்டும். எதுவும் நடக்காவிட்டால் த்ராட்டில் தகடு இன்னும் அதிகமாகத் திறந்திருக்கிறது, ஐடில் துளையைத் தாண்டி மேலே உள்ள துளைகள் வழியாகவும் பெட்ரோல் வருகிறது என்று பொருள். எனக்கு 800-இல் சீராக நின்றது. நாலைந்து முறை சூடாகி ஆறிய பிறகு கேஸ்கட் அமுங்கும், அப்போது கார்புரேட்டர் நட்டுகளை இன்னொரு தடவை பாருங்கள்.