மடிப்புக்கு மேலே, மடிப்புக்குக் கீழே

நாளிதழ் ஒன்றில் பல வருடம் இரவுப் பணியில் பக்கம் வடிவமைத்தவன் நான். முதல் பக்கச் செய்தியில் பொய் இருந்தது அபூர்வம். சாய்வெல்லாம் படத்தில்தான்.

ஒரே பொதுக்கூட்டத்திலிருந்து வரும் படங்களில் தலைவர் கையை உயர்த்திச் சிரிப்பார். நெற்றி வியர்வையைத் துடைப்பார். பேச்சின் நடுவே கண் செருகி வாய் கோணி நிற்பார். எல்லாமே உண்மைப் படங்கள். எது அச்சுக்குப் போகும் என்பது அவர் எந்தக் கட்சி என்பதைப் பொறுத்தது. கூட்டமும் அப்படித்தான். தூரத்திலிருந்து, தொலைவில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் டெலி லென்ஸில் எடுத்தால் வரிசைகளின் இடைவெளி சுருங்கி, மைதானம் முழுக்கத் தலைகளாகத் தெரியும். அதையே பின்பக்கத்திலிருந்து, அகலமாகக் காட்டும் வைடு லென்ஸில் எடுத்தால் காலி நாற்காலிகள் பல்லிளிக்கும்.

இதற்கெல்லாம் யாரும் உத்தரவு போட்டதில்லை. செய்தி ஆசிரியர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார்.

"வேற படம் இல்லையாப்பா?"

"இதுதான் சார் ஷார்ப்பா இருக்கு."

"ஷார்ப் இருக்கட்டும். வேற பாரு."

வேறு படம் இருக்கும். வைப்பேன். கொஞ்ச நாளில் அவர் வந்து நிற்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

அப்புறம் இடம். கடையில் பேப்பரை மடித்துத்தான் அடுக்குவார்கள். பஸ்ஸுக்கு ஓடுகிறவர் கண்ணில் படுவது மடிப்புக்கு மேலே உள்ள பாதி மட்டும். அங்கே ஒருவருக்கு நாலு பத்தி அகலத்தில் வண்ணப்படம். இன்னொருவருக்கு மடிப்புக்குக் கீழே ஒற்றைப் பத்தியில் பழைய கோப்புப் படம். இதைவிட நுட்பமானது பக்கத்துச் செய்தி. ஊழல் வழக்குச் செய்தியை ஒட்டி, அதில் சம்பந்தமே இல்லாத தலைவரின் படம் வரும். நடுவில் ஒரு கோடுகூட இருக்காது. கேட்டால், 'இடம் இல்லை'.

பிரிட்டனில் இந்தப் பூச்செல்லாம் கிடையாது. 1992 ஏப்ரல் 9, வாக்குப்பதிவு நாள். 'தி சன்' நாளிதழ் தன் முதல் பக்கத்தில் தொழிற்கட்சித் தலைவர் நீல் கின்னக்கின் தலையை ஒரு மின்விளக்குக்குள் வைத்தது. இவர் ஜெயித்தால், நாட்டை விட்டுக் கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகவும் என்பது தலைப்பு. கின்னக் தோற்றார். அந்தப் பக்கத்தால்தான் தோற்றார் என்று நான் நம்பவில்லை. ஆனால் வடிவமைப்பாளனாகப் பார்த்தால் அசாத்தியமான பக்கம். மோசமான பக்கமும்தான்.

இங்கே 1942-ல் கருணாநிதி தொடங்கிய 'முரசொலி'யை எடுத்துக்கொள்ளுங்கள். தி.மு.க.வின் ஏடு என்று தெரிந்தே வாங்குகிறோம். அதன் முதல் பக்கத்தில் கட்சித் தலைவர் பெரிதாகச் சிரித்தால் யார் ஏமாறப்போகிறார்கள்? எனக்கு உறுத்துவது நடுநிலை என்று சொல்லிக்கொண்டே படத்தை மாற்றும் பத்திரிகைதான்.

அரசின் சாதனை விளம்பரம் முதல் பக்கம் முழுக்க வரும் நாட்களில் எங்களுக்குச் சிரமம் இல்லை. படம், வாசகம், நிறம் எல்லாம் தயாராகவே வந்துவிடும். நாங்கள் போட்ட முதல் பக்கம் மூன்றாம் பக்கமாகிவிடும்.