யு இல்லாத க்யூ

ஆங்கில எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தில் கடைசி நேரம். அண்ணன் மகள் கையில் க்யூ மாட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் க்யூவுக்குப் பின்னால் பெரும்பாலும் யு வரும்; துணைக்கு அந்த ஒரு யு கூட இல்லை.

வைத்தால் 10 புள்ளி. வைக்காவிட்டால் அதே 10 கழியும்.

அலட்டிக்கொள்ளாமல் போர்டிலிருந்த ஐ-க்கு முன்னால் வைத்தாள்.

"இது 'சீ', சித்தப்பா. சீனாக்காரங்க சொல்ற உயிர்ச்சக்தி."

யு தேவைப்படாத சொற்கள் இன்னும் இருக்கின்றனவாம். மூன்றெழுத்தில் 'காட்' (QAT), யேமனில் மெல்லும் இலை. ஐந்தெழுத்தில் 'ஃபகீர்' (FAQIR). அட, நம்ம பக்கிரி!

நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015-இல் பிரெஞ்சு ஸ்கிராபிளில் உலக சாம்பியன் ஆனார். 2024-இல் ஸ்பானிஷிலும் அதே கதை. அசுர மூளைதான், சரி. ஆனால் எனக்கென்னவோ அர்த்தத்தோடு படிக்கும் இவள் ஆட்டம்தான் பிடித்திருக்கிறது.

இப்போது ஜே-க்குத் தாவிவிட்டாள். இரண்டெழுத்தில் 'ஜோ' கிடைத்திருக்கிறது. ஸ்காட்லாந்தில் அந்தக் காலத்தில் அன்புக்குரியவரை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.