பித்தளைப் போசிக்கு ஈயம்: கழுத்து மடிப்பிலும் பிடித்தாயிற்று

மூன்று லிட்டர் பித்தளைப் போசியின் கழுத்து மடிப்பில் ஈயம், அதாவது வெள்ளீயப் (டின்) பூச்சு, ஒரே சீராக உட்கார்ந்துவிட்டது. அடியும் சுவரும் சுலபம். வயிறு பெருத்து வாய் சுருங்கிய போசியில் தோளுக்கு உட்புறம் இருக்கும் நாலு விரல் அகலம்தான் ஆளைப் படுத்தும்.

பூசுமுன் சுத்தம் செய்யும் புளி, சாம்பல், தேய்ப்பு எல்லாம் தெரிந்ததுதான். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஓட்டைக்கு ஈயப்பற்று வைத்த பழைய பாத்திரமா என்று முதலில் பார்க்கணும். காரீயம் (லெட்) கலந்த பற்று 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், வெள்ளீயம் உருக 232 வேண்டும். பூச்சு ஏறுவதற்குள் பற்று கழன்று விழுந்துவிடும்.

தோளில் ஏன் பிடிப்பதில்லை? தணலில் நிமிர்த்தி வைத்தால் வயிறு காய்கிறது, தோள் வெளியே நிற்கிறது. மடித்த விளிம்பு கனமாக இருப்பதால் வரும் சூட்டையும் அதுவே இழுத்துக்கொள்கிறது. தோள் காயும்வரை காத்திருந்தால் வயிற்றில் பூசிய ஈயம் மஞ்சளடித்துச் சொரசொரப்பாகிவிடும். அதனால் வரிசையை மாற்ற வேண்டும். அடியும் சுவரும் வெறுமையாக இருக்கும்போதே போசியைப் படுக்கவைத்து, தோளைத் தணலில் காட்டி, அதை முதலில் முடிக்கணும். குறடு கவ்விய இடத்தில் சூடு இறங்கித் திட்டு விழும். குறட்டின் வாயையும் தணலில் காயவைத்து, பிடியை இடம் மாற்றிக்கொண்டே உருட்ட வேண்டும்.

பதம் பார்க்க நவச்சாரம் (அமோனியம் குளோரைடு) போதும். ஒரு சிட்டிகை போட்டதும் வெள்ளைப் புகை குப்பென்று எழணும். தூள் அப்படியே கிடந்தால் சூடு பத்தவில்லை. 338 டிகிரி வாக்கில் அது முழுக்கப் புகையாகிவிடும், அதற்குமேல் காய்ந்தால் களிம்பை அரிக்க அங்கே எதுவும் மிஞ்சாது. புகை எழுந்த கையோடு ஈயக்கட்டியைத் தொட்டு இழுத்தால் நெய் மாதிரி ஓடும். காற்று முதுகுப்பக்கம் இருந்து வரும்படி உட்காருங்கள், அந்தப் புகை தொண்டையை அறுக்கும்.

தோளுக்குள் கை நுழையாது. ஆறு மில்லிமீட்டர் கம்பியைக் கொக்கியாக வளைத்து, நுனியில் பஞ்சை இறுக்கிக் கட்டி, நவச்சாரத்தில் புரட்டி, வயிற்றிலிருந்து வாய்ப்பக்கமாக ஒரே போக்கில் இழுக்கணும். முன்னும் பின்னும் தேய்த்தால் கோடு விழும். பஞ்சுக்குப் பதில் திருப்பூர் பனியன் வேஸ்ட் மலிவுதான், ஆனால் பாலியஸ்டரோ லைக்ராவோ கலந்திருந்தால் உருகிக் கறுப்பாக அப்பிக்கொள்ளும். ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். பருத்தியானால் சாம்பலாகும், கலப்பானால் நுனி உருண்டையாகும்.

இந்த அளவுப் போசிக்கு உட்புறம் முழுக்க, துடைப்பில் போவதையும் சேர்த்து, 15 முதல் 20 கிராம் வெள்ளீயம் பிடிக்கும். சுத்தமான கட்டியை வளைத்தால் காதருகே கறகறவென்று சத்தம் கேட்கும். காகிதத்தில் கறுப்புக் கோடு இழுத்தால் காரீயம் இருக்கிறது. எலெக்ட்ரானிக்ஸ் கடையில் விற்கும் பற்றாசுக் (சால்டர்) கம்பியைச் சமையல் பாத்திரத்தில் வைக்கவே கூடாது. நவச்சாரம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். மழைக்காலத்தில் ஈரம் இழுத்துக் கட்டிதட்டும், வெயிலில் காயவைத்து இடித்துக்கொள்ளுங்கள். அடுப்புக்குக் காங்கேயம் பக்கத்துத் தேங்காய்த் தொட்டிக்கரி சூடு அதிகம், புகை குறைவு. தனியாகப் போட்டால் தணல் முரட்டுத்தனமாக இருக்கும், பாதிக்குப் பாதி விறகுக்கரி கலந்தால் அடங்கி நிற்கும். புதுப் போசி வேண்டுமென்றால் திருப்பூரை ஒட்டிய அனுப்பர்பாளையம் போங்கள்.

அடுத்தது அண்டா. அதற்குப் பிளோயர் அடுப்பு பத்தாது. தெருத்தெருவாக வந்து ஈயம் பூசியவர்கள் மண்ணில் குழி வெட்டி, குழாய் புதைத்து, துருத்தியால் ஊதினார்கள். பெரிய அண்டாவானால் உள்ளே இறங்கி நின்று, மணலையும் நாரையும் காலடியில் போட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு இடுப்பைத் திருப்பித் திருப்பியே தேய்த்தார்கள். அனலைப் பார்த்தே பதம் சொன்ன கைகள் அவை. எவர்சில்வர் வந்து அந்த வேலையையே எடுத்துப் போய்விட்டது. இன்னும் எங்காவது பூசுகிறவர் இருந்தால், கேட்கும் கூலியைக் குறைக்காமல் கொடுத்து, பக்கத்தில் நின்று பாருங்கள். துடைக்கும் வேகம் எழுத்தில் வராது.

போசிக்கு இன்னும் அடி பாக்கி. அதை முடித்ததும் தகட்டுப் பாத்திரமானால் உடனே தண்ணீரில் முக்கலாம், வார்ப்பு உருளியானால் தானாக ஆறணும், முக்கினால் விரிசல் விடும். பிறகு புளித்தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி விட்டுப் பார்க்க வேண்டும். பச்சைப் புள்ளி தெரிகிற இடத்தை மட்டும் மறுபடி சூடேற்றிப் பூசினால் போதும்.