இறப்பர்த் தோட்டத்துக்கு எஃப்எஸ்சி சான்றிதழ்: ஓடைக்கரைக்கும் காட்டுத் துண்டுக்கும் என்ன கிடைக்கும்?

களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்து இறப்பர்த் தோட்டத்தை எஃப்எஸ்சி (Forest Stewardship Council) என்ற சர்வதேச அமைப்பின் பொறுப்பான காட்டு நிர்வாகச் சான்றிதழுக்குத் தயார்படுத்துபவர்கள் முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஹெக்டேயருக்கு 500 மரம் வரிசையாக நிற்கும் நிலத்தை எந்தச் சான்றிதழும் காடாக்காது. பயிர் வைக்காமல் விட்ட ஓடைக்கரையிலும் பாறைச் சரிவிலும் மலையுச்சித் துண்டிலும்தான் அது எதையாவது மாற்றும்.

நிலம் தகுதியானதா என்பது முதல் கேள்வி. 1994 நவம்பருக்குப் பின் இயற்கைக் காட்டை அழித்து நட்ட நிலத்துக்கு முன்பு பொதுவாக வழி இருக்கவில்லை. 2023 ஜூலையிலிருந்து, 1994 டிசம்பருக்கும் 2020 டிசம்பர் 31க்கும் இடையில் அழித்தவர்கள் இழப்பை ஈடுசெய்தால் உள்ளே வரலாம். அதற்குப் பின் அழித்திருந்தால் கதவு பெரும்பாலும் மூடித்தான் இருக்கும். பழைய தோட்டங்களுக்கு இது சிக்கலில்லை; 1876இல் கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைத் தாவரவியல் பூங்காவுக்குக் கன்று வந்த பயிர் இது. ஆனால் நட்ட ஆண்டுக்கு ஆதாரம் கேட்பார்கள். ஒவ்வொரு மலைக்கும் (தோட்டத்தின் பயிர்த் துண்டுக்கும்) உரிய பதிவேட்டையும் பழைய வரைபடத்தையும் முன்பே தேடி வையுங்கள்.

அடுத்தது பத்து வீதம். மொத்த நிலத்தில் குறைந்தது 10% பாதுகாப்புப் பகுதியாக இருக்க வேண்டும். பெரும்பாலான தோட்டங்கள் சறுக்குவது இங்கேதான். எதுவும் விளையாத பாறையையும் சாலையோர மூலைகளையும் கூட்டிக் கணக்கை முடித்துவிடுவார்கள். எண்ணிக்கை சரியாக வரும், உயிர் எதுவும் வராது. முதலில் ஓடைகளை வரைபடத்தில் கோடாகப் போடுங்கள். இரு கரையிலும் பயிர் வைக்காமல் விட்ட நிலப்பட்டை மேலேயுள்ள காட்டுத் துண்டைக் கீழேயுள்ளதோடு தொட வேண்டும். தொடாத இடத்தில் இரண்டு வரிசை இறப்பரை விட்டுக்கொடுத்தாலே இணைப்பு கிடைக்கும். களனியிலிருந்து நில்வளை வரையுள்ள ஆற்று வடிநிலங்களின் நிழலான சிற்றோடைகளில் மட்டும் வாழும் செர்ரி பார்ப் போன்ற மீனுக்கு, பாறையுச்சியில் ஒதுக்கிய இருபது ஹெக்டேயரால் ஒரு பயனும் இல்லை.

அந்தக் கரையில் இறப்பரை ஒரேயடியாக வெட்டி அகற்றாதீர்கள். திடீரென்று வெயில் விழுந்தால் கட்டக்காலு போவிட்டியா என்ற ஆக்கிரமிப்புச் செடி புதராக மூடிவிடும், நட்ட கன்று மூச்சுத் திணறிப்போகும். மரங்களைச் சில ஆண்டுகளில் படிப்படியாகப் பட்டை வளையம் எடுத்து நிற்கவைத்தே சாகவிட்டு, அந்த அரைநிழலில் ஹொர, நாகமரம் போன்ற உள்நாட்டுக் கன்றுகளை நடலாம். 3 மீட்டர் இடைவெளி என்றால் ஹெக்டேயருக்கு 1,111 கன்று. மண்மூடிப் பயிராகப் போடும் பியூராரியாவும் மியூக்குனாவும் காட்டோரத்தில் ஏறிப் படரும். எல்லையில் தொடர்ந்து வெட்டவில்லை என்றால் காப்பாற்ற நினைத்த துண்டே கொடிக்குள் மறைந்துவிடும்.

சிறப்பாகக் காக்க வேண்டியவற்றின் ‘உயர் பாதுகாப்பு மதிப்பு’ என்ற பட்டியல் ஆறு வகை. லயத்துக்குக் குடிநீர் தரும் ஊற்று ஒரு வகை, கோயில் மரத்தடி இன்னொரு வகை. பக்கத்துத் தோட்டத்து அறிக்கையிலிருந்து உயிரினப் பட்டியலை நகலெடுக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. ஈரவலயக் குரங்குகளோடு உலர்வலயப் பறவை ஒன்றும் அதில் இருந்தால் நகல் என்று கணக்காய்வாளர் கண்டுபிடிக்க அதுவே போதும்.

பீடைநாசினிக்குச் சூழல், சமூக ஆபத்து மதிப்பீடு எழுத வேண்டும். தாளில் எழுதிவிட்டு மருந்துத் தொட்டியை ஓடையில் கழுவினால் எல்லாம் வீண். தெளிப்பான் கழுவும் இடத்தை ஓடைக்கு எட்டாத மேட்டில், நீர் வழியாத குழியோடு அமையுங்கள்.

கண்காணிப்புக்குப் பெரிய செலவு தேவையில்லை. பறவைக்குக் காலை ஆறு மணி முதல் எட்டரை வரை, ஒரு புள்ளியில் பத்து நிமிடம், ஒவ்வோர் ஆண்டும் அதே புள்ளி, அதே மாதம். தவளைக்குத் தென்மேற்குப் பருவமழை தொடங்கிய பின்னான இரவு. விலங்கு அசைந்தால் தானாகப் படமெடுக்கும் கமராவை முழங்கால் உயரத்தில் கட்டி, முன்னாலுள்ள புல்லை வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆடும் இலையின் படம் ஆயிரக்கணக்கில் சேரும். முதல் ஆண்டு அளவீடு இல்லாதவர்களால் ஐந்தாம் ஆண்டில் எதையும் நிரூபிக்க முடியாது.

வேலியோரக் கம்பிக் கண்ணிகள் அறிக்கையில் கடைசிப் பக்கத்தில் வரும். முதல் பக்கத்தில் வர வேண்டியவை. காட்டுப்பன்றிக்கு வைப்பதில் சிறுத்தையும் மாட்டிச் சாகும். மேற்கு மத்திய ஆபிரிக்காவில் 14 மரவெட்டு நிலங்களில் எடுத்த 13 லட்சம் கமராப் படங்களை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வு, எஃப்எஸ்சி நிலங்களில் பாலூட்டிகள் அதிகம் தென்பட்டதைக் காட்டியது. 10 கிலோவுக்கு மேற்பட்ட விலங்குகளில் வேறுபாடு தெளிவாக இருந்தது. அந்தச் சான்றிதழ் நிலங்களில் பழைய வெட்டுப் பாதைகளை அடைத்தார்கள், வாகனத்தில் காட்டு இறைச்சி ஏற்றத் தடை போட்டார்கள், தொழிலாளருக்கு வேறு இறைச்சி கிடைக்கச் செய்தார்கள். அது இயற்கைக் காடு, இது பயிர்நிலம். ஆனாலும் கண்ணி பொறுக்கும் நடையை மாதம் ஒருமுறை எல்லையோரமாக நடத்தி, எங்கே எத்தனை கிடைத்தது என்று எழுதிவைப்பதற்கு ஈடான வேலை தோட்டத்திலும் இல்லை.

பிரதான மதிப்பீட்டுக்கு ஆறு வாரம் முன்பே அயலவருக்கு அறிவிப்புப் போகும். பெரிய குறை கண்டால் திருத்த மூன்று மாதம், சிறியதற்கு ஓராண்டு. சான்றிதழ் ஐந்தாண்டு, ஆண்டுதோறும் கணக்காய்வு. அலுவலகத்துக் கோப்பு எவ்வளவு தடிப்பாக இருந்தாலும், கணக்காய்வாளர் பால் வெட்டுபவரை மரத்தடியில் நிறுத்தி, “இந்த ஓடைக்கரையில் மருந்து அடிக்கலாமா?” என்று கேட்பார். அந்தப் பதில் காலை பெரட்டில் (வேலை பிரிக்கும் கூட்டத்தில்) முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.