பாதி என்னிடம், பாதி அவரிடம்

வேளச்சேரியில் அப்போது எங்கள் வீடு தரைத்தளம். 2015 டிசம்பரில் தண்ணீர் உள்ளே வந்த ராத்திரி, கட்டில் மேல் ஏறியது அரிசி மூட்டை, அப்புறம் மிக்ஸி, அப்புறம் சர்ட்டிபிகேட் ஃபைல். புத்தக அலமாரியின் கீழ்த்தட்டு யார் ஞாபகத்துக்கும் வரவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் ஒரே கூழ். அதில் அம்மாவின் பைண்டிங்குகள் ஆறு. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் கடையில் கொடுத்துத் தைத்து அட்டை போட்டு வாங்கியவை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

இணையத்தில் புத்தகம் மாற்றிக்கொள்ளும் கூட்டத்தில் நான் போய் விழுந்தது அந்தப் பைண்டிங்குகளுக்காகத்தான். அதே கதைகள் புத்தகமாகக் கடையில் கிடைக்கின்றனவே என்று கேட்பவர்களுக்கு: கிடைக்கிறது, ஆனால் படங்கள் இல்லை, பின்பக்கத்துத் தலைவலித் தைல விளம்பரம் இல்லை, பாதியில் வெட்டுப்பட்ட ஜோக் இல்லை. எனக்கு வேண்டியது அவைதான். பாரதி சாலை நடைபாதையில் (பழையவர்களுக்கு அது இன்னும் பைகிராப்ட்ஸ் ரோடு) எப்போதாவது ஒன்று கண்ணில் படும். ஆனால் நம் கண் விரிவதைக் கடைக்காரர் பார்த்துவிட்டால் விலையும் விரியும். 1985ல் பழைய புத்தகக் கடைகள் நிறைந்த மூர் மார்க்கெட் எரிந்த கதையையும் சேர்த்துச் சொல்லி, அதிலிருந்து தப்பிய பிரதி என்பார்.

வாட்ஸ்அப்பில் மாற்றிக்கொள்ளும்போது விலை என்ற பேச்சே இல்லை, என்னிடம் இருப்பது உங்களுக்கு வேண்டும், உங்களிடம் இருப்பது எனக்கு வேண்டும், அவ்வளவுதான், ஆனால் அந்த 'அவ்வளவுதான்' இருக்கிறதே, அதற்குள் இருக்கிறது அத்தனை சண்டையும். 2006ல் தொடங்கிய புக்மூச் என்ற வெளிநாட்டுத் தளத்தில் ஒரு புத்தகம் கொடுத்தால் ஒரு புள்ளி, அதை வைத்து வேறு யாரிடமிருந்தும் ஒரு புத்தகம் வாங்கலாம். நம்மூரில் அது நடக்காது. ஆயிரம் பக்க நாவலும் அறுபது பக்கக் கவிதைத் தொகுப்பும் ஒரே புள்ளியா என்று முதல் நாளே பஞ்சாயத்து வைத்துவிடுவார்கள். அதோடு நம் பழைய புத்தகங்களில் ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண்ணே இருக்காது. பார்கோடை ஸ்கேன் செய்து பட்டியல் போடும் செயலியெல்லாம் இங்கே வாயைப் பிளக்கும். அட்டையைப் படம் எடுத்து, பதிப்பாண்டைத் தட்டச்சு செய்து, ஒவ்வொன்றாகப் போட வேண்டியதுதான்.

நாட்டுடைமை ஆன எழுத்தாளர்கள் மாற்றில் செல்லாக்காசு. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பதால் புத்தகக் கண்காட்சியில் ஸ்டாலுக்கு ஒரு பதிப்பு அடுக்கியிருக்கும். அதே எழுத்தாளரின் ஐம்பது வருடப் பழைய பிரதி என்றால் கதை வேறு, பத்து பேர் கை தூக்குவார்கள்.

புத்தகத்தின் நிலையைச் சொல்வதில்தான் ஆளைத் தெரிந்துகொள்ளலாம். 'நல்ல கண்டிஷன்' என்று மட்டும் எழுதுபவரிடம் நான் வாங்குவதில்லை. 'பழுப்பு ஏறியிருக்கிறது, முதுகில் ராமபாணப் பூச்சி துளைத்திருக்கிறது, 40ஆம் பக்கத்தில் காபிக் கறை, முதல் பக்கத்தில் கல்யாணப் பரிசு என்று எழுதிக் கையெழுத்து' என்று எழுதுபவரிடம் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன். ஒரு முறை இந்த விதியை மீறி வாங்கிய துப்பறியும் நாவலில் கடைசிப் பதினாறு பக்கம், அச்சகத்தார் பாஷையில் ஒரு ஃபாரம், இல்லவே இல்லை. கேட்டால், 'சார், நான் படிக்கவே இல்லை, எனக்கெப்படித் தெரியும்' என்கிறார். கொலைகாரன் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நூலக முத்திரை குத்திய புத்தகத்தையும் தொடமாட்டேன், கழிக்கப்பட்டது என்ற முத்திரையும் கூடவே இருந்தால் ஒழிய.

சென்னைக்குள் என்றால் நேரிலேயே கைமாற்றிக்கொள்வோம். எனக்குப் பிடித்த இடம் ஆலந்தூர் மெட்ரோ. இரண்டு தடங்களும் சேரும் இடம் என்பதால் ஆளுக்கொரு ரயிலில் வந்து, வெளியே போகாமலேயே பையை மாற்றிக்கொண்டு அடுத்த ரயிலைப் பிடித்துவிடலாம். பக்கத்தில் நிற்பவர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

வெளியூர் என்றால் தபால். 2025 மே மாதம் கியான் போஸ்ட் என்று புத்தகங்களுக்காகவே ஒரு சேவை வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், அதிகபட்சம் 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று பார்க்க எண்ணும் உண்டு. கூரியருக்குக் கொடுத்ததை நினைத்தால் வயிறு எரிகிறது. பாலிதீன் உறை மட்டும் கட்டாயம் போடுங்கள். ஐப்பசி மழையில் நனைந்த பார்சல் ஒன்று எனக்கு வந்தது, பிரிக்கும்போதே அந்தப் பழைய கூழ் வாசனை.

இதுவரை ஆறில் இரண்டு தேறியிருக்கிறது. மூன்றாவதில்தான் சிக்கல். இரண்டு பாகமாகத் தைத்த கதை அது, முதல் பாகம் போன வருடம் என் கைக்கு வந்துவிட்டது. இரண்டாம் பாகம் மதுரையில் ஒருவரிடம் இருக்கிறது. ரிட்டயர்ட் ஆனவர், மெதுவாகப் பேசுவார், நகரமாட்டார். அவருக்கு என் முதல் பாகம் வேண்டும், எனக்கு அவருடைய இரண்டாம் பாகம். பதிலுக்கு எட்டுப் புத்தகம் தருகிறேன் என்றேன், அவர் பத்து தருகிறேன் என்றார். ஸ்கேன் பண்ணி அனுப்பட்டுமா என்றதற்கு, 'அதை வச்சு என்ன தம்பி பண்றது?' என்றார். எனக்கும் அதே எண்ணம்தான் என்பதால் பதில் சொல்ல முடியவில்லை.

போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு அவரிடமிருந்து ஒரு செய்தி. என் பாகத்தில் ஏழாவது அத்தியாயத்துப் படம் முழுசாக இருக்கிறதா, இல்லை ஓரம் வெட்டித் தைத்திருக்கிறார்களா என்று. எழுந்து போய்ப் பார்த்தேன். முழுசாகத்தான் இருக்கிறது. இன்னும் பதில் போடவில்லை.