சப்நெட் மாஸ்க்கை எனக்குப் புரியவைத்த பழைய கம்ப்யூட்டர்

நெட்வொர்க்கிங் பேப்பரில் முதல் தடவை வந்த கேள்வி இது: 192.168.10.70/26 என்ற முகவரி எந்த நெட்வொர்க்கைச் சேர்ந்தது? சப்நெட் என்றால் ஒரு நெட்வொர்க்கைப் பிரித்த சிறு பகுதி; அதற்கான அட்டவணையை வரி வரியாக மனப்பாடம் செய்து போயிருந்தேன். தேர்வு அறையில் 64-ஆ 192-ஆ என்று குழம்பித் தப்பாக எழுதிவிட்டு வந்தேன். அப்புறம்தான் அட்டவணையை மூடி வைத்துவிட்டு, வீட்டு ரவுட்டரை வைத்தே படிக்க ஆரம்பித்தேன். இதே பேப்பருக்குப் படிப்பவர்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடியுங்கள். ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க் (முகவரியின் எந்தப் பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று காட்டும் எண்), டீஃபால்ட் கேட்வே மூன்றையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். என் வீட்டில் முகவரி 192.168.1.7, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.1. கேட்வே என்பது வேறொன்றும் இல்லை, ரவுட்டரேதான். இதே 192.168.1.7 பக்கத்து வீட்டிலும் இருக்கலாம். 1996-ல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணைய விதி ஆவணம், 192.168-ல் தொடங்குபவை, 10-ல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை உள்ளவை எல்லாவற்றையும் உள் உபயோகத்துக்கென்று ஒதுக்கிவிட்டது.

பலரும் தடுமாறுவது மாஸ்க்கில்தான். எனக்கு அது பிடிபட்டது, மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரால். வைஃபையை அணைத்துவிட்டு, அதையும் லேப்டாப்பையும் ஒரு லேன் கேபிளால் நேராக இணைத்தேன். ஒன்றுக்கு 192.168.1.10, இன்னொன்றுக்கு 192.168.1.150 என்று கையால் போட்டேன். இரண்டிலும் மாஸ்க் 255.255.255.0, கேட்வே காலி. பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சிறு செய்தி) அடித்தால் பதில் இல்லை. ஃபயர்வால் தடுக்கிறது என்று கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆனது. அதில் பிங்கை அனுமதித்ததும் பதில் வந்தது.

சரி, இப்போது இரண்டிலும் மாஸ்க்கின் கடைசி எண்ணை மட்டும் 128 ஆக்கினேன். அதே கேபிள், அதே முகவரிகள், ஆனால் பிங் நின்றுவிட்டது. அந்த மாஸ்க் போட்டால் 0 முதல் 127 வரை ஒரு தெரு, 128 முதல் 255 வரை இன்னொரு தெரு. 10 ஒரு தெருவில், 150 அடுத்த தெருவில். அடுத்த தெருவுக்குப் போக வழிவிட வேண்டியது கேட்வே, அதைத்தான் நான் காலியாக விட்டிருந்தேனே!

இனி அந்தத் தேர்வுக் கேள்விக்கு வருவோம். /26 என்றால் மாஸ்க்கின் 32 பிட்களில் முதல் 26 பிட்கள் 1; அதில் கடைசி எண்ணுக்கு வருபவை இரண்டு, 128 + 64, அதாவது 192. 256-லிருந்து 192 போனால் 64. ஆக, தெருக்கள் 0, 64, 128, 192-ல் தொடங்கும். 70 இருப்பது 64-ஆம் தெருவில். 64 நெட்வொர்க்கின் பெயர், 127 பிராட்காஸ்ட் (தெருவில் உள்ள எல்லோருக்கும் ஒரே சமயத்தில் அனுப்பும் முகவரி), நடுவில் உள்ள 62 முகவரிகளைத்தான் கருவிகளுக்குக் கொடுக்கலாம்.

இன்னொன்றையும் பார்த்து வையுங்கள். முகவரி 169.254 என்று தொடங்கினால், டிஹெச்சிபி (முகவரியைத் தானாகக் கொடுக்கும் சேவை) வழியாக முகவரி கிடைக்காமல் கம்ப்யூட்டர் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று அர்த்தம். இணையத்தில் உள்ள கூகுளின் 8.8.8.8-க்கு பிங் போகிறது, தளத்தின் பெயரை அடித்தால் மட்டும் திறக்கவில்லை என்றால் முதலில் டிஎன்எஸ்ஸை, அதாவது பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவையைப் பாருங்கள்.

சோதனை முடிந்ததும் முகவரியைத் தானியங்கிக்கு மாற்றி, ஃபயர்வாலையும் பழையபடி வைத்துவிடுங்கள்.

இரண்டாவது தடவை எனக்கு வந்தது 172.16.5.200/27. /27-க்கு மாஸ்க்கின் கடைசி எண் 224. 256-லிருந்து 224 போனால் 32, ஆக 32-க்கு ஒரு தெரு. விடைத்தாள் ஓரத்தில் 192, 224 என்று இரண்டு கோடு போட்டேன். நடுவில் 200. விடை 172.16.5.192 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.